எலிசபெத் சொன்ன ‘மாட்டேன்’: முதன்முறை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கில நாவல் ஒன்றை முழுதாக வாசித்துப் பார்க்க ஆசை, எதில் தொடங்குவது என்று திருகோணமலையில் யார் கேட்டாலும் நான் சொல்லும் பெயர் ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்வேன், பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டு இப்போதுதான் புத்தகம் தூக்க நேரம் கிடைத்த அம்மாமாருக்கும் அதைத்தான் சொல்வேன். ஜேன் ஆஸ்டின் எழுதி 1813 ஜனவரியில் வெளிவந்த காதல் கதை. நாயகி எலிசபெத் பென்னற், இன்னும் இருபத்தொரு வயது ஆகாதவள். மனத்திடம் உள்ள கதாநாயகி என்று பேச்சு வந்தால் இன்றைக்கும் முதலில் வருகிற பெயர்களில் ஒன்று அவளுடையது.

ஆனால் முதல் வாசிப்பில் பலர் அவளைத் தவறவிட்டுவிடுகிறார்கள். வாய்க்கு வாய் பதில் சொல்கிற கெட்டிக்காரி, பணக்கார மாப்பிள்ளைக்கு நல்ல பாடம் படிப்பித்து, கடைசியில் அவனையே கட்டினாள் என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அவளுடைய பேச்சு அழகுதான், நானும் ரசிக்கிறேன். அவளுடைய திடத்தைத் தேட வேண்டிய இடங்கள் வேறு. கையில் ஒரு சதமும் இல்லாத நிலையில் ‘மாட்டேன்’ என்று சொல்கிறாளே, அது ஒன்று. தான் நினைத்திருந்தது பிழை என்று தெரிய வந்தபோது, ஒருவரும் வற்புறுத்தாமல், தனியே நடந்தபடி அதை ஒப்புக்கொள்கிறாளே, அது மற்றது. இந்த இரண்டையும் தவறவிடாமல் வாசிக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். கதையின் முடிவையும் சொல்லிவிடுவேன். முடிவு தெரிந்தாலும் இந்தப் புத்தகத்துக்கு ஒரு குறையும் வராது.

முதல் படி: புத்தகமும் ஒரு கொப்பியும்

நாவலில் 61 அத்தியாயங்கள். பெரும்பாலானவை சின்னவை, ஒரு பின்னேரத்தில் இரண்டு மூன்று ஓடிவிடும். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் மூல ஆங்கிலம் ‘புரொஜெக்ட் குட்டன்பேர்க்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தொலைபேசியிலேயே வாசிக்கலாம். வசனங்கள் நீளமானவை, பழைய ஆங்கிலம். முதல் ஐந்தாறு அத்தியாயங்கள் கொஞ்சம் இழுக்கும். அங்கே நின்றுவிடாதீர்கள். உரையாடல் வரும் இடங்களை வாய்விட்டு வாசியுங்கள். யார் யாரைக் குத்துகிறார், யார் யாரிடம் வழிகிறார் என்பது கண்ணைவிடக் காதுக்குச் சுலபமாகப் பிடிபடும்.

திரைப்படத்தை முதலில் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. படத்தில் அந்தப் பணக்கார மாப்பிள்ளை டார்சியின் முகம் தெரிந்துவிடுகிறது. நாயகன் இவன்தான் என்று முதற்காட்சியிலேயே நமக்குத் தெரிந்துபோனால் எலிசபெத் ஏமாறும்போது நாமும் கூடச் சேர்ந்து ஏமாற வழியில்லை. புத்தகத்தில் நாம் பெரும்பாலும் அவளுடைய கண்ணால்தான் பார்க்கிறோம். அவள் நம்புவதை நாமும் நம்பவேண்டும், அப்போதுதான் நடுவில் வரும் கடிதம் நம்மையும் உலுக்கும்.

ஒரு கொப்பி எடுங்கள். நடுவில் கோடு கீறி, இடப்பக்கம் ‘எலிசபெத் இந்த ஆளைப் பற்றி என்ன நினைக்கிறாள்’ என்றும், வலப்பக்கம் ‘அவள் உண்மையில் கண்டது என்ன’ என்றும் எழுதுங்கள். டார்சிக்கு ஒரு பக்கம், டார்சி தனக்கு அநியாயம் செய்தான் என்று சொல்லும் இளம் படை அதிகாரி விக்கமுக்கு ஒரு பக்கம், தோழி சார்லற்றுக்கு ஒரு பக்கம். மற்றவர்களுக்குத் தேவையில்லை. இந்தக் கொப்பி 36ஆம் அத்தியாயத்தில் கைகொடுக்கும்.

திருகோணமலைக்காரர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நகரத்திலுள்ள பழைய ஆங்கிலேயர் சேமக்காலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ல்ஸ் ஆஸ்டின் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பிரித்தானியக் கடற்படையின் ரியர் அட்மிரல். கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். இரண்டாம் பர்மியப் போரின்போது 1852 ஒக்டோபரில் ஐராவதி ஆற்றில், கப்பலிலேயே, வாந்திபேதியால் இறந்துபோனார். இளம் வயதில், போரில் பிடிபட்ட கப்பலுக்காகக் கிடைத்த பரிசுப் பணத்தில் இரண்டு அக்காமாருக்கும் புஷ்பராகக் கல் பதித்த சிலுவைகள் வாங்கிக் கொடுத்தவர் இவர். சொந்தச் சொத்தோ நிலையான வருமானமோ இல்லாமல், கலியாணமும் செய்யாமல், தகப்பனையும் பிறகு சகோதரர்களையும் நம்பி வாழவேண்டியிருந்தவர் ஜேன். தம்பி தந்த ஒரு நகை அப்படிப்பட்டவருக்கு எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நாவலைத் திறந்தால், அதில் வரும் பணக் கணக்குகள் வேறு மாதிரி விளங்கும்.

இரண்டாம் படி: காதலுக்கு முன் காணிக் கணக்கு

எலிசபெத் எதை இழக்கத் துணிகிறாள் என்று தெரியாவிட்டால் அவளுடைய துணிவும் தெரியாது. ஆகவே கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

பென்னற் குடும்பத்தில் ஐந்தும் பெண். ஜேன், எலிசபெத், மேரி, கிற்றி, லிடியா. தகப்பனுக்கு லோங்போர்னில் காணியும் வீடும் உண்டு, ஆண்டுக்கு 2000 பவுண்டு வருமானம். வசதியான குடும்பம்தான். ஆனால் அந்தக் காணி ஆண்வாரிசுக்கு மட்டுமே போகும்படி முன்னோர் காலத்திலேயே கட்டிவைக்கப்பட்டது. தகப்பன் கண்ணை மூடினால் வீடு, தோட்டம், காணி அத்தனையும் தூரத்து உறவினரான கொலின்ஸ் என்ற மதகுருவுக்கு. தாயும் பெண்களும் சட்டிபானையோடு வெளியேற வேண்டியதுதான். ஒரு மகன் பிறந்திருந்தால், அவன் வயதுக்கு வந்ததும் தகப்பனும் மகனும் சேர்ந்து அந்தக் கட்டை அவிழ்த்திருக்கலாம். மகன் பிறப்பான் பிறப்பான் என்று எதிர்பார்த்தே தகப்பன் ஒன்றும் சேர்த்துவைக்கவில்லை. எலிசபெத்தின் பங்குக்கு வருவது மொத்தம் 1000 பவுண்டு. அதுவும் தாய் இறந்த பிறகு.

கிழக்கிலங்கை வாசகர்களுக்கு இந்த இடம் மற்ற யாரையும்விடக் கூடுதலாக உறைக்கும். எங்களிடம் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பிறந்த நாளிலிருந்தே கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்கும் தகப்பன்மாரையும், தங்கைக்கு வீடு கட்டி முடிக்கும்வரை மத்திய கிழக்கிலேயே கிடந்த அண்ணன்மாரையும் தெரியாதவர்கள் இந்த ஊரில் குறைவு. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார், உறுதி பெண் பெயரில் இருக்கும். அந்தச் சுமை குடும்பங்களை என்ன பாடு படுத்துகிறது என்பது தனியே கதைக்க வேண்டியது. இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து ஐந்து பெண்களையும் ஒரு சட்டம் வெளியேற்றப்போகிறது என்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த அதிர்ச்சியை அப்படியே வைத்துக்கொண்டு வாசியுங்கள். மேலதிகமாக, அன்றைய இங்கிலாந்தில் கலியாணம் முடித்த பெண்ணின் பணமும் பொருளும் புருசனுக்கே போனது. அது மாறத் தொடங்கியது 1870இலும் 1882இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான். அவள் வகுப்புப் பெண் கௌரவமாகச் செய்யக்கூடிய வேலை என்றால் பணக்கார வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. வேறு வழி இல்லை என்றே சொல்லலாம்.

தாய் பென்னற்றைப் பார்த்துச் சிரிக்கத்தான் ஆஸ்டின் எழுதியிருக்கிறார். எந்நேரமும் கலியாணப் பேச்சு, நரம்பு வருத்தம், வந்தவர் போனவரிடமெல்லாம் பிதற்றல். சிரியுங்கள். ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, அந்த வீட்டில் ஆபத்தை உணர்ந்திருப்பவர் அந்தத் தாய் ஒருவர்தான் என்பதும் விளங்கும்.

மூன்றாம் படி: நடனசாலையும் சேற்று வழியும்

3ஆம் அத்தியாயம். ஊர் நடனத்தில் டார்சி எலிசபெத்தைக் காட்டி, பரவாயில்லை, ஆனால் தன்னைக் கவரும் அளவுக்கு வடிவு இல்லை என்று நண்பனிடம் சொல்கிறான். அவள் காதில் விழுகிறது. அவள் அழவில்லை, கோபித்துக்கொண்டு வெளியே போகவும் இல்லை. அதையே ஒரு பகிடியாக்கித் தோழிகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறாள். இதை வாசிக்கும் இளம் பிள்ளைகள் கைதட்டுவார்கள். தட்டட்டும். ஆனால் கொப்பியில் டார்சியின் பக்கத்தில் இதைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். இரண்டு அத்தியாயம் தள்ளி அவள் வாயாலேயே வருகிறது: அவன் என் கர்வத்தை நோகடிக்காமல் இருந்திருந்தால் அவனுடைய கர்வத்தை நான் மன்னித்திருப்பேன் என்று. டார்சியைப் பற்றிய அவளுடைய தீர்ப்பு இந்தக் காயத்திலிருந்து தொடங்குகிறது. சிரிப்பு அந்தக் காயத்தை மூடிவிடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம்.

7ஆம் அத்தியாயத்தில் அக்கா ஜேன் மழையில் நனைந்து காய்ச்சலோடு, டார்சியின் நண்பன் பிங்லி தங்கியிருக்கும் நெதர்ஃபீல்ட் மாளிகையில் படுத்துவிடுகிறாள். வண்டிக்குக் குதிரை இல்லை. எலிசபெத் நடந்தே போகிறாள், மூன்று மைல். கடைசிப் பகுதி தன்னந்தனியே. வேலிகளில் ஏறிக் குதித்து, தண்ணீர் தேங்கிய இடங்களைத் தாண்டி, காலுறை முழுக்கச் சேறாக, முகம் சிவந்து போய்ச் சேர்கிறாள். கார்த்திகை மழை நாளில் நகரத்திலிருந்து உப்புவெளி தாண்டி ஒரு பெண் தனியே நடந்துபோய், ஊரின் பெரிய வீட்டு விறாந்தையில் சேற்றுக் காலோடு நிற்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுப் பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் கதைப்பது அவளுடைய உட்பாவாடையில் ஆறு அங்குலம் ஏறியிருந்த சேற்றைப் பற்றி. டார்சி சொல்வது அவளுடைய கண்களைப் பற்றி.

இந்த நடை வீம்புக்காகப் போன நடை இல்லை. அக்காவைப் பார்க்க வேண்டும், போக வேறு வழி இல்லை, நடந்தாள். மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள மறுக்கிறாள். அவளுடைய குணத்தை ஒரே காட்சியில் ஒருவருக்குக் காட்ட வேண்டுமென்றால் நான் எடுப்பது இதைத்தான்.

நான்காம் படி: மூன்று மறுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்

19, 34, 56 ஆகிய அத்தியாயங்கள். முதல் வாசிப்பில் இவை தூரத்தூர வரும். வந்ததும் ஒரு தாள் செருகி வையுங்கள். மூன்றும் கைக்கு வந்த பிறகு ஒரே இருப்பில் மறுபடி வாசியுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரேயொரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதலாவது கொலின்ஸ். லோங்போர்ன் வீடு யாருக்குப் போகப்போகிறதோ அந்த ஆள். தனக்கு ஏன் கலியாணம் தேவை என்று ஒன்று இரண்டு மூன்று என எண்ணி எண்ணிச் சொல்கிறார்: மதகுரு ஊருக்கு முன்மாதிரியாக இருக்கவேண்டும், தனக்கும் சந்தோசம் கூடும், புரவலரான சீமாட்டி லேடி கத்தரின் கட்டச் சொன்னார். எலிசபெத் மரியாதையாக மறுக்கிறாள். பெண்கள் முதலில் மறுப்பது வழக்கந்தானே என்று அவர் சிரிக்கிறார். அவள் திரும்பவும் மறுக்கிறாள். உனக்குச் சீதனம் இல்லை, வேறொருவர் கேட்டு வருவார் என்று என்ன நிச்சயம் என்கிறார். அவள் மூன்றாம் முறையும் மறுக்கிறாள். தன்னை நளினம் காட்டும் பெண்ணாக எண்ண வேண்டாம், மனத்தில் உள்ளதைச் சொல்லும் அறிவுள்ள ஒருத்தியாக எண்ணுங்கள் என்று கேட்டுக்கொள்கிறாள். அவர் சொன்ன சீதனக் கணக்கு பொய்யில்லை என்பதைக் கவனியுங்கள். ‘ஓம்’ என்று ஒரு சொல் சொன்னால் தாய்க்கும் சகோதரிகளுக்கும் வீடு நிலைக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும். நம் ஊரில் இப்படியொரு பேச்சுக்கால் வந்தால் ‘குடும்பத்தை யோசித்துப் பார் பிள்ளை’ என்று எத்தனை மாமிமார் வந்து இருப்பார்கள்! அந்தப் பாரத்தோடுதான் அவள் மறுக்கிறாள். குரல் உயரவே இல்லை.

தாய் ஓடிப்போய்த் தகப்பனிடம் முறையிடுகிறார். கொலின்ஸைக் கட்டாவிட்டால் தாய் உன் முகத்தில் முழிக்க மாட்டார், கட்டினால் நான் முழிக்க மாட்டேன் என்கிறார் தகப்பன். பகிடியான பதில், எல்லோரும் விரும்பும் பதில். அவளுக்குத் தகப்பனின் துணை கிடைத்தது உண்மை. ஆனால் அவளுக்கு இந்த நிலைமை வரக் காரணமே சேமித்து வைக்காத இந்தத் தகப்பன்தான் என்பதும் உண்மை.

இரண்டாவது டார்சி. ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானம். வந்து நின்று, உன்னை விரும்பாமல் இருக்க எவ்வளவோ முயன்றேன் முடியவில்லை என்கிறான். அதோடு விட்டானா? உன் குடும்பம் எனக்குச் சமமில்லை, இதனால் எனக்கு எவ்வளவு குறை என்று விளக்கமும் சொல்கிறான். பதில் ‘ஓம்’தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. முதலில் அவளுக்கு அவன் மேல் ஓர் இரக்கம் வருகிறது, பிறகு கோபம். இரண்டு குற்றம் சாட்டுகிறாள்: அக்காவையும் அவள் விரும்பிய பிங்லியையும் பிரித்தாய், விக்கமின் வாழ்க்கையைக் கெடுத்தாய். பிறகு, அவன் கேட்ட விதமே கண்ணியமாக இல்லை என்கிறாள். அவன் போனதும் நாற்காலியில் விழுந்து அரைமணி நேரம் அழுகிறாள். இந்த அழுகையைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். பெரிய பணத்துக்கும் பெரிய மனிதனுக்கும் முகத்துக்கு நேரே மறுப்புச் சொன்ன பெண்ணின் உடம்பு நடுங்கத்தான் செய்கிறது. அதோடு, அவள் சாட்டிய இரண்டில் ஒன்று சரி, மற்றது முழுப் பிழை. மறுப்பு நியாயமானது, அதற்கு அவள் நம்பிய ஆதாரத்தில் பாதி பொய். அடுத்த படிக்கு இது தேவைப்படும்.

மூன்றாவது மறுப்பு லேடி கத்தரினுக்கு. டார்சியின் பெரிய குடும்பத்துச் சொந்தக்காரி. நான்கு குதிரை பூட்டிய வண்டியில் லோங்போர்னுக்கு வந்து இறங்கி, டார்சி என் மகளுக்கென்று தொட்டிலிலேயே பேசி வைத்தவன், அவன் கேட்டாலும் கட்டமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடு என்கிறார். தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு தடங்கல் வரும். லேடி கத்தரின் டார்சியின் தாயுடைய கூடப்பிறந்தவர். எங்கள் முறைப்படி அவருடைய மகள் டார்சிக்குத் தங்கை முறை. கலியாணப் பேச்சே வராது. ஆங்கிலேயருக்கு அந்த வேறுபாடு கிடையாது, ஆகவே முறைகேடு என்று அங்கேயே நின்றுவிடாமல் கடந்து போங்கள். பார்க்க வேண்டியது எலிசபெத்தை. டார்சி மறுபடி கேட்பான் என்று அவளுக்கு ஒரு நிச்சயமும் இல்லை. தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போய் வீட்டுப் பெயர் கெட்டுப்போயிருக்கிறது. கேட்டபடி வாக்குக் கொடுத்தால் வந்தவர் போய்விடுவார். அவள் கொடுக்கவில்லை. அவன் கனவான், நான் கனவானின் மகள், அந்த அளவில் நாங்கள் சமம் என்கிறாள். என் சந்தோசம் எதில் என்று நான் நினைக்கிறேனோ அதன்படிதான் நடப்பேன் என்கிறாள்.

கதையின் முடிச்சு அவிழ்வதும் இங்கேதான். லேடி கத்தரின் கோபத்தோடு நேரே டார்சியிடம் போய் அவள் சொன்னதையெல்லாம் ஒப்புவிக்கிறார். டார்சிக்கு நம்பிக்கை பிறக்கிறது. அவளுக்குத் தன்னைப் பிடிக்கவே பிடிக்காது என்றால் அதை லேடி கத்தரினின் முகத்துக்கே சொல்லியிருப்பாளே என்று நினைக்கிறான். அவள் ஒளிக்காமல் கதைப்பவள் என்று அவனுக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கதையை ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்.

ஐந்தாம் படி: கடிதத்தை அவள் வாசித்த மாதிரியே வாசியுங்கள்

35ஆம் அத்தியாயத்தின் பெரும்பகுதி டார்சியின் கடிதம். மறுக்கப்பட்ட அடுத்த நாள் காலையில் கையில் தந்துவிட்டுப் போகிறான். இரண்டு தாள் நெருக்கி எழுதி, உறையிலும் எழுதியிருக்கிறான். அதை வாசித்து முடித்ததும் 36க்கு ஓடவேண்டாம். கொப்பியை எடுங்கள். விக்கமின் பக்கத்தைப் பாருங்கள். இடப்பக்கம் ‘நல்லவன், இனிமையானவன், அநியாயம் செய்யப்பட்டவன்’ என்று நிறைய இருக்கும். வலப்பக்கத்தில், அவள் உண்மையில் கண்டது என்ன? வடிவான முகம், நல்ல பேச்சு. அவ்வளவுதான் இருக்கும். கண்ட இரண்டாம் நாளே முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் தன் குடும்பக் கதை எல்லாம் கொட்டினான். டார்சிக்குப் பயந்து ஒதுங்கமாட்டேன் என்றவன் நடனத்துக்கு வராமல் ஒதுங்கினான். டார்சியின் தகப்பனின் நினைவுக்காக டார்சியைக் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்றவன், டார்சி ஊரைவிட்டுப் போனதும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். எல்லாம் உங்கள் கண் முன்னாலேதான் நடந்தது. உங்கள் கொப்பியும் வெறுமையாக இருந்தால் கவலைப்படாதீர்கள், ஆஸ்டின் நினைத்தது நடந்திருக்கிறது.

இனி 36ஐ வாசியுங்கள். அவள் முதலில் கடிதத்தை நம்பமாட்டேன் என்ற முடிவோடுதான் வாசிக்கிறாள். மடித்து வைக்கிறாள், அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள். ஒவ்வொரு வரியாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். இரண்டு மணி நேரம் அந்த ஒழுங்கையில் நடக்கிறாள். ஒருவன் என்னைப் புகழ்ந்தான், மற்றவன் அலட்சியம் செய்தான், அதனால் இருவர் விசயத்திலும் கண்ணை மூடிக்கொண்டேன், இந்த நிமிடம்வரை நான் என்னையே அறிந்திருக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவள் பழைய எண்ணத்தையே பிடித்துக்கொண்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. அவளைப் பிடிவாதக்காரி என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த அத்தியாயத்தைத்தான். பிடிவாதக்காரி அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாள்.

நம் சினிமாவில் பழகிய ஒரு கதை இருக்கிறது: திமிர் பிடித்த பெண், அவளை அடக்கும் நாயகன். அந்தக் கண்ணாடியோடு இதை வாசித்தால் கடிதம் அவளை அடக்கியதாகத் தெரியும். நிகழ்ச்சிகளின் ஒழுங்கைப் பாருங்கள். கண்ணியமாகக் கேட்கவில்லை என்று அவள் சொன்னது டார்சிக்குள் போய் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவன் மாறித்தான் 43ஆம் அத்தியாயத்தில் அவள் முன் வருகிறான். அவளும் மாறியிருக்கிறாள். ஒருவர் மற்றவரிடம் பிழையைச் சுட்டிக்காட்டினார்கள், இரண்டு பேரும் தனித்தனியே போய்த் திருத்திக்கொண்டு வந்தார்கள்.

டார்சியின் பெம்பர்லி மாளிகையைப் பார்த்ததும் மயங்கிவிட்டாள் என்று சிலர் சொல்வதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மாளிகையின் தோட்டவெளியைக் கண்ட நாளிலிருந்துதான் காதல் என்று அவளே அக்காவிடம் பகிடியாகச் சொல்கிறாள், அக்கா உடனே உண்மையைச் சொல் என்கிறாள். அங்கே அவளை அசைத்தது வீட்டுப் பொறுப்பாளரான ரெனோல்ட்ஸ் அம்மாவின் சொல். நாலு வயதிலிருந்து அவனைத் தெரிந்த வேலைக்காரப் பெண் அவனைப் பற்றி என்ன சொல்கிறாள் என்பதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்கிறாள். விக்கமின் விசயத்தில் செய்யத் தவறியதை இங்கே செய்கிறாள்.

ஆறாம் படி: அவளால் முடியாமல் போனவற்றையும் எழுதுங்கள்

மனத்திடம் உள்ளவள் என்றால் எல்லாம் அவள் நினைத்தபடி நடக்கும் என்று இல்லை. லிடியாவைப் பிரைட்டனுக்கு அனுப்பவேண்டாம் என்று தகப்பனிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறாள். விடாவிட்டால் வீட்டில் நிம்மதி இருக்காது என்று அவர் அனுப்பிவிடுகிறார். லிடியா அங்கிருந்துதான் ஓடிப்போகிறாள். விக்கமின் உண்மைக் குணம் தெரிந்த பிறகும் அதை ஊருக்குச் சொல்லாமல் விட்டது எலிசபெத்தும் ஜேனும்தான். அந்தக் குற்ற உணர்வு அவளை விடவில்லை.

சார்லற்றின் பக்கம் இன்னும் முக்கியம். 27 வயது, வடிவும் இல்லை, பணமும் இல்லை. எலிசபெத் மறுத்த கொலின்ஸை மூன்று நாளுக்குள் அவள் ஏற்றுக்கொள்கிறாள். எலிசபெத்துக்கு அது அதிர்ச்சி, இனி அவளை முன்புபோல மதிக்க முடியாது என்றே நினைக்கிறாள். வாசகரும் சேர்ந்து முகம் சுளிப்பார். 30ஆம் அத்தியாயத்தில் ஒரு சின்ன விசயம் வருகிறது. சார்லற் தன் புதுவீட்டில் பெரிய, இதமான சாப்பாட்டு அறையை விட்டுவிட்டுப் பின்பக்க அறையில்தான் எப்போதும் இருக்கிறாள். ஏன் என்று எலிசபெத்துக்கு முதலில் விளங்கவில்லை. அவள் இருக்கும் அறை வசதியாக இருந்தால் கொலின்ஸ் தன் அறையை விட்டு அடிக்கடி அங்கே வந்து இருந்துவிடுவார். அதுதான் காரணம். கிடைத்த வாழ்க்கைக்குள் தனக்கென்று ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்ட பெண் அவள். அவளைக் கோழை என்று எழுதிவிட்டு நகராதீர்கள். எலிசபெத்துக்குத் தன் பக்கம் நிற்க ஒரு தகப்பனாவது இருந்தார்.

ஏழாம் படி: கூடியிருந்து கதைப்பது

தனியே வாசிப்பதைவிட நாலு பேர் சேர்ந்தால் இந்த நாவல் நன்றாகத் திறந்துகொள்ளும். போயா விடுமுறைகளை வைத்துக்கொள்ளுங்கள், மாதத்துக்கு ஒருமுறை போதும். ஆஸ்டின் காலத்தில் நாவல் மூன்று பாகமாகத்தான் வந்தது. 23ஆம் அத்தியாயத்தோடு முதலாவது முடியும், 42ஆவதோடு இரண்டாவது. அதே மாதிரி மூன்று அமர்வாகப் பிரியுங்கள். ஆங்கிலம் தெரிந்தவர் முக்கிய உரையாடல்களை வாசிக்கட்டும், பேச்சு தமிழிலேயே நடக்கட்டும். ஆங்கிலம் குறைவானவர்கள் பயந்து ஒதுங்கிவிடுவார்கள் என்பதால் இதைக் கட்டாயம் சொல்கிறேன்.

முதல் அமர்வுக்குக் கேள்வி: எலிசபெத் உங்கள் மகளாக இருந்தால் கொலின்ஸைக் கட்டச் சொல்வீர்களா? இரண்டாவதுக்கு: விக்கமை நீங்கள் எந்த இடத்தில் சந்தேகித்தீர்கள், கொப்பியில் அதற்குச் சாட்சி உண்டா? மூன்றாவதுக்கு: 20ஆம் அத்தியாயத்துத் தகப்பனையும் 59ஆம் அத்தியாயத்துத் தகப்பனையும் பக்கத்தில் வையுங்கள். டார்சியைக் கட்டப்போகிறேன் என்று மகள் வந்து நிற்கும்போது, மதிக்க முடியாத ஒருவரோடு வாழும் துன்பம் உனக்கு வரவேண்டாம் என்று கலங்கிக் கேட்கிறார் அவர். தன் கலியாணத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அறையில் இருப்பவர்களுக்கு விளங்கும்.

சார்லற் செய்தது சரியா என்ற கேள்வியைக் கடைசி அமர்வின் இறுதிக்கு வையுங்கள், அதற்குத் தனியே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இளம் பிள்ளைகள் உடனே ‘இல்லை’ என்பார்கள். அவர்களுக்கு முதலில் இடம் கொடுத்துவிட்டு, அறையில் மூத்த பெண்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், இடையில் யாரும் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.